அம்மாவுக்கு மறதிநோயா, மாத்திரைக் குழப்பமா?

கோவையில் வங்கி ஒன்றில் பணிபுரியும் 46 வயது வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் அம்மாவின் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 72 வயது. காவிரி டெல்டாவில் ஒரு சிற்றூரில், சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்; ரத்தக்கொதிப்பும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணவர் காலமானதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. கடந்த மார்கழியிலிருந்து மறதி வெளிப்படையாகத் தெரிகிறது. போனில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை என்று வீட்டு வேலை செய்யும் பெண்மணியைச் சந்தேகப்பட்டார். நான்கு நாள் கழித்து அது அரிசி டின்னுக்குள் கிடைத்தது. ஒரு ஏகாதசியன்று காஸ் அடுப்பை அணைக்காமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, நாற்பது ஆண்டுகளாக நடந்த தெருவிலேயே வழி தெரியாமல் வியர்க்க விறுவிறுக்க நின்றிருக்கிறார். பூக்கடைக்காரர்தான் வீடுவரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். பக்கத்து ஊர் மருத்துவ முகாமில் நினைவாற்றல் பரிசோதனை செய்து, 30-க்கு 19 மதிப்பெண் போட்டு, ‘அல்சைமர் ஆரம்பம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், “நினைவு இருக்கும்போதே வீட்டை செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிட்டு, அம்மாவை நல்ல முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம்” என்கிறாராம். நினைவாற்றலுக்கென்று மாத்திரையும் அனுப்பியிருக்கிறார். பாட்டிக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் ஆனது. எனக்கும் வருமா, மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்பது வாசகியின் கடைசிக் கேள்வி. கடிதத்தோடு, அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கட்டில் மேல் பரப்பிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைவிட அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களை அறியாமலே நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறீர்கள். முதியவர்களின் மறதியைப் பற்றி ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பலர் ஸ்கேன் படத்தோடு வருகிறார்கள். மாத்திரைப் பையோடு வருகிறவர்கள் குறைவு.

அம்மாவுக்கு மறதிநோய் (டிமென்ஷியா; அல்சைமர் அதில் ஒரு வகை) இல்லவே இல்லை என்று இங்கிருந்தபடி நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கிறது என்று சொல்வதற்கு முன் செய்தாக வேண்டிய வேலைகள் உங்கள் அம்மா விஷயத்தில் இன்னும் தொடங்கவே இல்லை. நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் புழங்குகின்றன. ஒன்று, ‘வயதானால் அப்படித்தான்’. மற்றொன்று, ‘அல்சைமர் வந்துவிட்டது, இனி என்ன செய்ய?’ ஒன்றுக்கொன்று நேரெதிர் போலத் தோன்றினாலும், முடிவில் இரண்டும் டாக்டரிடம் போகாமல் இருப்பதற்கான காரணங்களாகவே ஆகிவிடுகின்றன. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பெரிய எண்ணிக்கைதான். ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த நோய் இல்லாமலேதான் முதுமையைக் கழிக்கிறார்கள்.

5.8-ஐக் கண்டு மகிழ வேண்டாம்

“அம்மா சர்க்கரையை அருமையாகக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார், மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 5.8, டாக்டரே பாராட்டினார்” என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த எண்தான். பதினெட்டு ஆண்டு சர்க்கரை நோய் உள்ள, தனியாக வாழும், விரதம் இருக்கும் 72 வயதுப் பெண்மணிக்கு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையின் பேரில் 5.8 வந்தால் அது வெற்றியாக இருக்க வாய்ப்பு குறைவு. பகலிலோ இரவிலோ பல முறை சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருப்பதாலும் சராசரி இவ்வளவு கீழே வந்திருக்கலாம். இந்த வயதில், இத்தனை நோய்களோடு இருப்பவர்களுக்கு 7-க்கும் 8-க்கும் இடையே இருந்தாலே போதும் என்று பெரும்பாலான மருத்துவர்கள் விட்டுவிடுவோம்.

இப்போது படத்துக்கு வாருங்கள். இடது ஓரத்தில் பச்சை நிற அட்டை ஒன்று, வலது மூலையில் வெள்ளி நிற அட்டை ஒன்று. பெயர்கள் வேறு, கம்பெனிகள் வேறு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே: இரண்டிலும் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும். உள்ளூர் டாக்டர் ஒன்றை எழுதியிருக்கிறார். கோவைக்கு வந்திருந்தபோது நீங்கள் காட்டிய டாக்டர் மற்றொன்றை எழுதியிருக்கிறார். பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது அம்மாவின் காதில் விழவில்லை. அவர் இரண்டையும் பொறுப்பாக விழுங்கிவருகிறார்.

கிளிமெபிரைடு நாம் சாப்பிட்டோமா பட்டினியா என்று பார்க்காது, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டேயிருக்கும். நாள்காட்டியை எடுத்து ஏகாதசிகளைக் குறித்துப் பாருங்கள். அடுப்பு அணையாமல் எரிந்த நாள் ஏகாதசி. வழி மறந்து நின்றதும் ஏகாதசி, அதுவும் முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. வேலை செய்யும் அம்மாள் காபி போட்டுக் கொடுத்ததும் ‘கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அல்சைமர் காபிக்குத் தெளியாது. தாழ்சர்க்கரை தெளியும். ரத்தக்கொதிப்புக்கு அவர் சாப்பிடும் மெட்டோபுரோலால், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் மறைத்துவிடும். மிஞ்சுவது வியர்வையும் குழப்பமும்தான். பூக்கடைக்காரர் பார்த்தது அதைத்தான் என்பது என் ஊகம்.

இது தற்காலிகத் தொல்லை மட்டும் அல்ல. வட கலிபோர்னியாவில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 16,667 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தாழ்சர்க்கரையால் மருத்துவமனைவரை போக நேர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் ஆபத்து கூடியிருந்தது. எத்தனை தடவை அப்படிப் போனார்களோ அதற்கேற்ப ஆபத்தும் ஏறியிருந்தது. உயர்சர்க்கரை மூளைக்குக் கெடுதி என்று எல்லோருக்கும் தெரியும்; தாழ்சர்க்கரையின் கெடுதியைத்தான் யாரும் பேசுவதில்லை.

இந்த வாரமே குளுக்கோமீட்டர் ஒன்று அந்த வீட்டில் இருக்க வேண்டும். குழப்பம் தெரிந்தால் உடனே பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். இரண்டு மருந்துச் சீட்டுகளையும் இன்றே ஏதாவது ஒரு டாக்டருக்கு அனுப்பி, எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று கேளுங்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று கிரியேட்டினின் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். விரதத்தை விடச் சொல்லி அவரிடம் சண்டை போட வேண்டாம். விரத நாளில் மாத்திரை எப்படி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தீபாவளிக் காலையில் விழுந்தது

கடிதத்தின் நான்காம் பக்கத்தில், வேறெதையோ சொல்ல வந்த இடத்தில் இதை எழுதியிருக்கிறீர்கள்: எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனபோது குளியலறையில் வழுக்கி, தலை சுவரில் இடித்துப் புடைத்துக்கொண்டது, ரத்தம் வராததால் ஸ்கேன் எடுக்கவில்லை.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினை அம்மா சாப்பிடுகிறார். வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்குவதால், அதன் மேற்பரப்பில் செல்லும் சிறு ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். சாதாரண இடியிலேயே அவை கிழிந்து, மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்ல மெல்லச் சேரும். விழுந்த அன்று எதுவும் தெரியாது. சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ கழித்துத்தான் மறதி, தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம், தலைவலி என்று தொடங்கும். உங்கள் கணக்கில் ஐப்பசியில் விழுந்தார், மார்கழியில் மறதி கூடியது. இந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை.

சி.டி. ஸ்கேன் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ரத்தம் தேங்கியிருந்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு வெளியேற்றுவார்கள். பலர் அதன் பிறகு நன்றாகவே தேறிவிடுகிறார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதி. ஆனால் இதைப் பார்க்காமல் அல்சைமர் என்று முத்திரை குத்தியது சரியல்ல. கடும் தலைவலி, வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம் இவற்றில் எது வந்தாலும் நாள் குறித்துக்கொண்டிருக்க வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மற்ற அட்டைகள்

கணவர் இறந்த வாரத்தில் தூக்கத்துக்கென்று கொடுத்த அல்பிரசோலம் இரண்டு ஆண்டுகளாகத் தொடர்கிறது. அரிப்புக்கும் மூக்கொழுகலுக்கும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் குளோர்பெனிரமின் தினமும் ஒன்று உள்ளே போகிறது. இளவயதில் தூக்கம் வரவழைப்பதோடு நின்றுவிடும் இந்த மாத்திரை, எழுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவையும் குழப்பும். மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு வேறு. இரண்டும் சேர்ந்தால் தெளிவாக இருப்பவரே தடுமாறுவார். அரிப்பு மாத்திரையை நிறுத்துவதில் சிக்கல் இல்லை. அல்பிரசோலத்தை மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும்.

அம்மா சைவம். பதினெட்டு ஆண்டு மெட்ஃபார்மின். பல ஆண்டுகளாக வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரை. இந்த மூன்றும் தனித்தனியாகவே வைட்டமின் பி12-ஐக் குறைக்கக்கூடியவை. சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பாதம் மரத்துப்போகிறது என்று அவர் சொல்வதற்குச் சர்க்கரையை மட்டும் காரணம் காட்டாதீர்கள். பி12, தைராய்டு, ரத்தத்தில் சோடியம், ஹீமோகுளோபின், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்பவை சாதாரணப் பரிசோதனைக் கூடத்திலேயே பார்க்கக்கூடியவை. முகாமில் இவற்றில் ஒன்றையாவது பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

கொழுப்பு மாத்திரையால் மறதி வருகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, அதை மட்டும் நீங்களே நிறுத்திவிட்டீர்கள். நிறுத்த வேண்டியவை அத்தனை இருக்க, தொடர வேண்டியது போய்விட்டது. உயர்ந்த எல்.டி.எல். கொழுப்பு மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல்தான் பட்டியலில் சேர்த்தது. ஸ்டாட்டின் என்ற இந்தக் கொழுப்பு மாத்திரைகள் நினைவைக் கெடுக்கும் என்ற பேச்சைப் பெரிய ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. சர்க்கரை நோயாளிக்கு இதயத்துக்காகவும் அது வேண்டும். மறுபடி தொடங்குவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

30-க்கு 19 என்ன சொல்கிறது?

மிகக் கொஞ்சம்தான் சொல்கிறது. இன்ன தேதி, இன்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இந்த ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரை என்று போகும் அந்தப் பரிசோதனை, பள்ளியில் பல ஆண்டு படித்தவர்களுக்கு வசதியானது. ஐந்தாம் வகுப்போடு நின்று, பேனா பிடித்தே பல காலமான ஒருவர் அதில் குறைவாக வாங்குவது வியப்பில்லை. அதற்கு மேல் உங்கள் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது. முகாம் இரைச்சலில் மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். முதலில் அவை காதில் விழுந்தனவா என்று யார் பார்த்தார்கள்?

அதே அம்மா, தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரின் சீட்டுப் பணத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறார், போன மாதம்வரை ஒரு ரூபாய் பிசகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எந்த மாதம் எடுத்தார், யார் பாக்கி, கசர் எவ்வளவு என்று நினைவில் வைப்பது ஐங்கோணம் வரைவதைவிடக் கடினமான வேலை. மறதிநோய் என்று சொல்ல வேண்டுமானால் அன்றாட வேலைகளில் சரிவு இருக்க வேண்டும். நான் நேரில் பார்த்தால் இப்படித்தான் கேட்பேன்: சாம்பாருக்கு வழக்கமான ருசி இருக்கிறதா? பழகிய சிக்குக்கோலத்தில் இழை தப்புகிறதா, அல்லது முட்டிவலியால் கோலமே போடுவதில்லையா? ரேஷன் கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறாரா? இதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் இல்லை, அண்ணனும் இல்லை. தினமும் வந்துபோகும் அந்த வேலைக்காரப் பெண்மணிதான். சங்கிலி விஷயத்தில் அவரிடம் நீங்கள் இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

காதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். லான்செட் குழு சொல்லும் 14 ஆபத்துக் காரணிகளில் காது கேளாமை முன்வரிசையில் நிற்கிறது. காது மந்தமானால் மூளை பாதி உழைப்பை ஒலியைப் பிரித்தறிவதிலேயே செலவழித்துவிடுகிறது. நினைவில் பதிய வைக்க மீதி இருப்பதில்லை. போதாததற்கு, சரியாகக் கேட்காதவர் மெல்ல மெல்லக் கூட்டத்திலிருந்து ஒதுங்குகிறார். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையுள்ள 977 பேரிடம் மூன்று ஆண்டுகள் நடந்து 2023-ல் வெளியான சோதனையில், காது கேட்கும் கருவி எல்லோருக்கும் பொதுவாகப் பலன் தரவில்லை. ஆனால் இதய நோய்க்கான ஆபத்துகள் கூடுதலாக இருந்த பிரிவினருக்கு அறிவாற்றல் சரிவின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சர்க்கரையும் கொதிப்பும் உள்ள உங்கள் அம்மா அந்தப் பிரிவினரைப் போன்றவர்.

நீங்கள் ஆன்லைனில் 900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த காது மெஷின் மேஜை டிராயரில் கிடப்பதற்கு அம்மாவின் பிடிவாதம் காரணம் இல்லை. அது மிக்ஸி சத்தத்தையும் பேச்சையும் ஒரே அளவில் பெரிதாக்கும் கருவி. யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செவித்திறன் பரிசோதனை. அதற்கேற்பச் சரிசெய்த கருவி. பழகச் சில வாரங்கள் ஆகும். கண்புரை அறுவை சிகிச்சையையும் தள்ளிப்போடாதீர்கள். புரை நீக்கிக்கொண்ட முதியவர்களுக்கு மறதிநோய் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக வந்ததாக ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அறுவை சிகிச்சைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாத வகை ஆய்வுதான். ஆனால் கண் தெரிவதற்கு வேறு சாட்சி எதற்கு?

கணவர் போனபின் பேச்சு குறைந்தது, சீரியல் பார்ப்பதை விட்டது, விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வது எல்லாம் மனச்சோர்வையும் காட்டலாம். முதுமையில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது; மறதியாக வரும். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

எல்லாம் சரிசெய்த பிறகும் மறதி இருந்தால்

இருக்கலாம். ஏகாதசியோடு சம்பந்தமில்லாத நாள்களிலும் கேட்டதையே கேட்பதும், சங்கிலியை அரிசியில் ஒளித்து வைத்துவிட்டு மறந்ததும் எனக்குக் கவலை தருகின்றன. தொடக்கநிலை மறதிநோய் அடியில் இருந்து, மாத்திரைகளும் காதும் அதைப் பல மடங்கு பெரிதாகக் காட்டியிருக்கவும் கூடும். எனவே முதல் திருத்தங்கள் முடிந்து இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து, காதுக் கருவியோடு, அமைதியான அறையில், நரம்பியல் அல்லது முதியோர் நல மருத்துவரிடம் முறையாகப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இதைச் செய்யலாம். சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது.

அப்போது மறதிநோய் உறுதியானால் டொனெபெசில் போன்ற மாத்திரை தருவார்கள். அது நோயைக் குணப்படுத்தாது. சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும். நாடித்துடிப்பைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. மெட்டோபுரோலாலுக்கும் அதே குணம். ஆகவே தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அண்ணன் அனுப்பிய நினைவாற்றல் மாத்திரையில் இருப்பது ஜிங்கோ என்ற தாவரச் சாறு. அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேரிடம் சோதித்து, மறதிநோயை அது தடுக்கவில்லை என்று 2008-லேயே சொல்லிவிட்டார்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு பற்றிய கவலையும் உண்டு. தலையில் அடிபட்டவருக்கு அது வேண்டவே வேண்டாம். வல்லாரைத் துவையல் பிடிக்குமென்றால் தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் சிகிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்களுக்கு வருமா?

பெற்றோருக்கோ பாட்டிக்கோ இருந்தால் ஆபத்து ஓரளவு கூடும்; விதியாகிவிடாது. ஒரே மரபணுவால் தலைமுறை தலைமுறையாக வரும் அல்சைமர் மிக அரிது. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். மற்றபடி பேசப்படும் ‘ஏபிஓஇ4’ மரபணு இருப்பவர்களில் பலருக்கு நோய் வருவதில்லை, இல்லாதவர்களுக்கும் வருகிறது. அந்தப் பரிசோதனையின் முடிவு உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர, இன்றைய நிலையில் நீங்கள் செய்ய வேண்டிய எதையும் மாற்றாது.

மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது லான்செட் குழுவின் கணிப்பு. அதில் கணிசமான பங்கு உங்கள் வயதில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது. எனக்கு 150 ரத்த அழுத்தம் சகஜம், ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். நாற்பது வயதிலிருந்தே மேல் அளவு 130-க்குள் இருக்க வேண்டும் என்று அதே குழு சொல்கிறது. மரபணுப் பரிசோதனைக்கு ஒதுக்கிய பணத்தில் கொதிப்புக்கும் கொழுப்புக்கும் மருத்துவம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடும் பத்திரமும்

அம்மாவை இப்போதே ஊரை விட்டு நிரந்தரமாகப் பெயர்க்க வேண்டாம். பழகிய வீடு, பழகிய தெரு, சீட்டுக்கு வரும் பெண்கள், கோயில் இவையெல்லாம் அவருக்கு மருந்துக்கு நிகர். புது இடத்தில் குழப்பம் கூடும். பரிசோதனைகளுக்காக இரண்டு, மூன்று வாரம் கோவைக்கு அழைத்து வாருங்கள். திரும்பிப் போகும் தேதியை அவரிடமே சொல்லி அழைத்து வாருங்கள். வீட்டில் காஸுக்குத் தானே மூடிக்கொள்ளும் வால்வு, குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும், வாரத்துக்கு ஒரு முறை நிரப்பும் மாத்திரைப் பெட்டி, இரவில் துணைக்கு ஒருவர் போதும். முதியோர் இல்லம் என்பது கெட்ட சொல் இல்லை. பின்னால் தேவைப்பட்டால் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் அதை முடிவு செய்யும் மாதம் இது இல்லை.

பத்திர விஷயத்தில் நான் வழக்கறிஞர் இல்லை. மருத்துவராக எனக்குத் தெரிய வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். தொடக்கநிலை மறதிநோய் என்று எழுதிவிட்டதாலேயே ஒருவர் தன் சொத்து பற்றி முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. தகுதி என்பது அந்த நேரத்தில், அந்த விஷயம் அவருக்குப் புரிகிறதா என்பதைப் பொறுத்தது. அதே சமயம், சர்க்கரை இறங்கிக் குழம்பியிருக்கும் ஒருவரை அவசரமாகப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கினால், நாளைக்கு அந்தப் பத்திரத்தை எதிர்த்து நீங்களேகூட வழக்குப் போட நேரலாம். அம்மா தேறட்டும். அவர் விரும்பினால் உயில் எழுதட்டும். செட்டில்மென்ட்தான் என்றால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பவர் எழுதி வாங்கினால் போதும் என்று அண்ணன் நினைத்தால், எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்ததும் நம் சட்டத்தில் பவர் முடிந்துவிடும் என்பதைச் சொல்லுங்கள். தன் மனநலச் சிகிச்சை பற்றித் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்க, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அம்மாவுக்கு உரிமை தருகிறது. யாரை நியமிப்பது என்று நீங்கள் இருவரும் கூடி முடிவு செய்யாமல், அவரையே கேளுங்கள். முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் சட்ட வழிகாட்டுதலும் கிடைக்கும்.

சி.டி. ஸ்கேன், பி12, சோடியம், தைராய்டு, கிரியேட்டினின் முடிவுகள் வந்ததும் விரும்பினால் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை குளுக்கோமீட்டர் காட்டும் எண்களை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அன்று என்ன சாப்பிட்டார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வருகிற ஏகாதசிக்கு முன்பாக அந்த இரண்டு அட்டைகளின் விஷயம் முடிந்திருக்க வேண்டும்.